சிறு தொழிலின் எண், முகவரி, பதிவேடு: அமைத்துக்கொள்ளும் முறை

ஒரு சிறு தொழிலுக்குச் சொந்தமானவை எவை என்று கேட்டால் இயந்திரம், சரக்கு, மேசை நாற்காலி, வரவேண்டிய பாக்கி என்று உரிமையாளர் அடுக்கிக்கொண்டே போவார். வாடிக்கையாளர் அழைக்கும் தொலைபேசி எண், பில்லில் அச்சிட்டுள்ள மின்னஞ்சல் முகவரி, கூகுளில் தொழிலின் பெயரைத் தேடினால் வரும் விவரப் பக்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் அநேகமாக வருவதே இல்லை. ஆனால் இயந்திரம் பழுதானால் ஓரிரு நாளில் சரிசெய்துவிடலாம். பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களின் கைபேசிகளில் பதிந்து கிடக்கும் எண் கைவிட்டுப் போனால் அதை எங்கே போய் வாங்குவது? எனவே எந்தச் செயலி நல்லது, எந்த மென்பொருள் வசதியானது என்ற கேள்விகளுக்குப் போகுமுன், தொழிலை வெளியுலகோடு இணைக்கும் ஒவ்வொரு முகவரியும் யார் பெயரில் இருக்கிறது, அதன் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைத் தீர்த்துக்கொள்வதே முதல் வேலை.

ஒரு தாளும் ஐந்து கேள்விகளும்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வாடிக்கையாளர் உங்களை அடையக்கூடிய வழிகள் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: கைபேசி எண்கள், லேண்ட்லைன், வாட்ஸ்அப், மின்னஞ்சல், இணையதளம், கூகுள் வரைபடத்தில் உள்ள பக்கம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஐந்து விவரங்களைக் குறியுங்கள்: அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சல் அல்லது எண்ணைக் கொண்டு அதனுள் நுழைகிறோம், கடவுச்சொல்லை மறந்தால் மீட்புக் குறியீடு எங்கே வரும், எப்போது புதுப்பிக்க வேண்டும், உங்களைத் தவிர வேறு யாரால் அதைத் திறக்க முடியும். இந்தத் தாளை நிரப்ப உட்காருபவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கைத் தொடங்கித் தந்த உறவுக்காரப் பையனின் எண்ணுக்கோ, வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் மின்னஞ்சலுக்கோ மீட்புக் குறியீடு போய்க்கொண்டிருக்கும்.

இதில் அதிகத் தொல்லை தருவது டொமைன் பெயர், அதாவது உங்கள் இணையதளத்தின் பெயர். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவர், டொமைனைத் தம் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு அது வசதியாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் தொழிலையே விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் அவர் திறந்துகூடப் பார்க்காத பழைய அஞ்சல் பெட்டியில் குவிந்தன. ஒரு காலையில் தளம் மட்டுமல்ல, அந்தப் பெயரில் இயங்கிய மின்னஞ்சல்கள் அனைத்தும் நின்றுபோயின. பெயரைத் திரும்பப் பெற உரிமையாளர் அலைந்த அலைச்சலை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பணம் கொடுத்தது தாமே என்பதை நிரூபிக்க அவரிடம் ஒரு ரசீதுகூட இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்துகொள்கிறோம், அவ்வளவுதான். டாட்காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். இத்தகைய பெயர்களுக்கு விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று பதிவு நிறுவனங்களைப் பணித்திருக்கிறது. காலாவதியான பெயர் நீக்கப்பட்ட பின்னரும், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால் அந்தப் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே பதிவுக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கட்டண அட்டையில், உங்கள் எண்ணில் வைத்துக்கொண்டு, தளத்தை அமைப்பவருக்கு வேலை செய்வதற்கான அனுமதியை மட்டும் கொடுங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. பதிவு நிறுவனத்திடம் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மின்னஞ்சலும் நிற்கும். அது நின்றுவிட்டதைத் தெரிவிக்கும் கடிதம் உங்களை வந்து சேராது.

கூகுள் வரைபடத்தில் வரும் தொழில் விவரப் பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்ட இந்தச் சேவை 2021 முதல் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று வழங்குகிறது. நீங்கள் தொடங்காவிட்டாலும் உங்கள் தொழிலுக்கு ஒரு பக்கம் அங்கே இருக்கக்கூடும், ஏனென்றால் ஓர் இடத்தைச் சேர்க்கவும் திருத்தம் பரிந்துரைக்கவும் பொதுமக்களால் முடியும். உங்கள் தொழிலின் பெயரைத் தேடிப்பார்த்து, பக்கம் இருந்தால் உரிமை கோரிச் சரிபார்ப்பை முடித்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆள் வைப்பதாக இருந்தால் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், அவரை மேலாளர் என்ற நிலையில் சேருங்கள். உரிமையாளர் நிலை உங்களிடமே இருக்கட்டும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒரு முறை நோக்குவது போதும். பூட்டிய கதவின் முன் வந்து நின்ற வாடிக்கையாளர் மறுமுறை வருவது அரிது.

மின்னஞ்சல் ஏன் போய்ச் சேருவதில்லை

இலவச மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே தொழில் நடத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி அனுப்புபவரும், மாதந்தோறும் பில் அனுப்புபவரும் தம் டொமைனில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. ஊழியர் மாறினாலும், மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனத்தையே மாற்றினாலும், முகவரி மாறாது என்பதே இதன் உண்மையான பயன். ஆட்களின் பெயரில் முகவரிகளை வைப்பதைக் காட்டிலும் கணக்கு, விற்பனை, சேவை என்று பணியின் பெயரில் வைப்பது சிறு தொழிலுக்குப் பொருத்தமானது.

சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைப்பவர்கள் அந்த டொமைனின் அமைப்புகளில் (டிஎன்எஸ்) மூன்று பதிவுகளைக் கட்டாயம் அமைக்க வேண்டும். உங்கள் டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். வெளியே போகும் ஒவ்வோர் அஞ்சலிலும் மின்னணுக் கையொப்பம் இடுவது டிகேஐஎம். இவ்விரண்டில் எதுவும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சேவையகத்துக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவ்விஷயத்தில் கண்டிப்பாக இருக்கின்றன: ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும், நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் தேவை. அவ்வளவு அஞ்சல்களை ஒரு சிறு தொழில் அனுப்பப்போவதில்லை என்றாலும் மூன்றையும் அமைத்துவிடுங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் போலி பில் அனுப்புவதைக் கட்டுப்படுத்தவும் இவையே உதவுகின்றன.

இவற்றை அமைக்கும்போது அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. அஞ்சல் சேவைக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு ஏற்கெனவே இருக்க, பில் அனுப்பும் மென்பொருளின் உதவிப் பக்கத்தைப் பார்த்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே பிழையாகிவிடும். புதிய சேவையை இருக்கும் பதிவுக்குள்ளேயே இணைக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய வழி இருக்கிறது. உங்கள் தொழில் முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அஞ்சல் அனுப்பி, அதைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைச் சொடுக்குங்கள். மேற்பகுதியிலேயே மூன்றின் பெயர்களும் அவை தேறினவா தவறினவா என்பதும் தெரியும்.

இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். ஜிமெயிலின் உச்சவரம்பு 25 எம்பி என்றாலும், அஞ்சலில் செல்லும் கோப்பு குறியாக்கத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், 18 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை இணைப்பாக அனுப்பாமல் இணைய சேமிப்பில் ஏற்றி அதன் சுட்டியை அனுப்புவதே பாதுகாப்பானது. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது முகவரிகளைப் பிசிசி பெட்டியில் இடுங்கள். சிசியில் இட்டால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் பட்டியலில் உள்ள அனைவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவர்களில் உங்கள் போட்டியாளரும் ஒருவராக இருக்கலாம்.

இலவசக் கூகுள் கணக்கில் ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம்தான் உண்டு. அது நிரம்பினால் புதிய அஞ்சல்கள் வருவதே நின்றுவிடும், அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். ஊழியர்களின் கைபேசிப் படங்கள் தொழில் கணக்கில் தானாக ஏறிக்கொண்டிருந்தால் இந்த விபத்து எளிதில் நேரும்.

தொலைபேசியும் வாட்ஸ்அப்பும்

சொந்த எண்ணையே தொழிலுக்கும் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தொழிலுக்கென்று தனி எண் இருந்தால் இரவில் அதை அணைத்து வைக்கலாம், விடுமுறையில் ஊழியரிடம் ஒப்படைக்கலாம், ஒருநாள் தொழிலையே பிறருக்கு மாற்றினால் எண்ணையும் சேர்த்து மாற்றலாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை லேண்ட்லைன் எண்ணிலும் பதிவு செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சரிபார்ப்புக் குறியீட்டைக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பின் மூலம் கேட்டுப் பெற்றால் போதும். பெயர்ப்பலகையில் பல ஆண்டுகளாக லேண்ட்லைன் எண்ணை எழுதி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

அந்தச் செயலியில் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டியவை சில. முகவரியையும் வேலை நேரத்தையும் நிரப்புங்கள். வேலை நேரம் முடிந்த பின் வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வையுங்கள். ஆனால் ‘விரைவில் தொடர்புகொள்வோம்’ என்று எழுதாமல் ‘நாளை காலை 10 மணிக்குள் பதில் தருவோம்’ என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை விரைவுப் பதில்களாகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கணக்கை முதன்மைக் கைபேசியைத் தவிர 4 சாதனங்களில் இணைக்கலாம் என்பதால், ஒரே எண்ணுக்கு வரும் செய்திகளை இரண்டு மூன்று பேர் பார்த்துப் பதில் சொல்ல முடியும். முதன்மைக் கைபேசியை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் இணைத்த சாதனங்கள் துண்டிக்கப்படும். இணைத்த சாதனங்களின் பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். சென்ற ஆண்டு விலகிய ஊழியரின் கணினி இன்னமும் அங்கே இருக்கக்கூடும்.

புதிய சரக்கு வந்திருக்கிறது என்று அறிவிக்க வாடிக்கையாளர்களை ஒரு குழுவில் சேர்ப்பது தவறு. குழுவில் இருப்போர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலே இதற்கு ஏற்றது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ‘எத்தனையோ பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதல் பரிவர்த்தனையின்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொள்வது ஒரு நிமிட வேலை. பொருளின் படத்தைத் தெளிவு குறையாமல் அனுப்ப விரும்பினால் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள்.

செய்தியை எழுதும் விதம்

கருவிகளைப் பற்றி ஆயிரம் பேசலாம்; வாடிக்கையாளர் படிப்பது என்னவோ உங்கள் சொற்களைத்தான். ‘50 அட்டைப்பெட்டி வேண்டும், எப்போது கிடைக்கும்?’ என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஓகே சார், பார்த்துச் சொல்றோம்’ என்ற பதிலில் கேட்டவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை. அவர் மறுநாள் மறுபடியும் கேட்பார். நீங்கள் மறுபடியும் பதில் எழுத வேண்டும். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வணக்கம். 50 அட்டைப்பெட்டிகள் வேண்டும் என்ற தங்கள் செய்தி கிடைத்தது. வியாழக்கிழமை மாலைக்குள் தர முடியும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் தெரிவித்தால் இன்று மாலை 5 மணிக்குள் விலையை அனுப்புகிறோம்.’ கேட்டதைத் திருப்பிச் சொல்வது, நாளைக் குறிப்பிடுவது, அடுத்து அவர் செய்ய வேண்டியதைச் சொல்வது, தாம் செய்யப்போவதைச் சொல்வது ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. ஐம்பதை ஐந்நூறு என்று நீங்கள் தவறாகப் படித்திருந்தால் அப்போதே அவர் திருத்திவிடுவார்.

குரல் செய்தியாக வரும் ஆர்டர்களுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். இரண்டு நிமிடக் குரல் செய்தியில் எண்ணிக்கை நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். ஒரு மாதம் கழித்துத் தகராறு வந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வாடிக்கையாளர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார் என்றால் அது அவர் வசதி. நீங்கள் தமிழ் எழுத்திலேயே பதில் எழுதலாம், பெரும்பாலோர் அதை விரும்பவே செய்வார்கள். படிக்கச் சிரமப்படுகிறார் என்று தெரிந்தால் மட்டும் அவர் வழிக்கு மாறுங்கள்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புபவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் போன்ற யூனிகோடு (உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான கணினி எழுத்துமுறை) எழுத்துகளில் 70 மட்டுமே. அந்த எழுபதும் நாம் எண்ணுவது போல எண்ணப்படுவதில்லை. ‘வணக்கம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனித்தனியாகக் கொள்ளும் கணினிக்கு ஏழு. துணைக்கால், கொம்பு, சுழி எல்லாமே இவ்வாறு கணக்கில் சேரும். ‘உங்கள் பொருள் தயார். இன்று மாலை 6 மணிக்குள் பெற்றுக்கொள்ளலாம்.’ என்ற செய்தியை இடைவெளிகளையும் முற்றுப்புள்ளிகளையும் சேர்த்து நாம் எண்ணினால் 39 வரும். கணினி எண்ணினால் 62. மீதம் இருப்பது எட்டே இடம். அதில் தொழிலின் பெயரைச் சேர்க்கப் போனால் எழுபதைத் தாண்டி இரண்டு செய்திகளாகப் பிரிந்துவிடும், கட்டணமும் இரண்டாகும். அப்படிப் பிரியும்போது ஒவ்வொரு பகுதிக்கும் 67 இடம்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதிய 150 எழுத்துச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு எமோஜியோ நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடு கணக்குக்கு மாறி மூன்று துண்டாகும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையில் பணம் செலுத்துமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, செய்தியை இறுக்கி எழுதுங்கள்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த விலைப்பட்டியல்களையும் கடிதங்களையும் இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துக் கைபேசியில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் தோன்றினால் அது யூனிகோடு அல்ல. இணையதளத்தில் இட்டால் தேடுபொறிக்கும் அது புரியாது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் எண்களையும் பெயர்களையும் ஒரு முறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

ஒரே பதிவேடு

அழைப்பில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வரும் கோரிக்கைகள் சிதறிக் கிடப்பதே சிறு தொழிலில் வாடிக்கையாளரை இழக்கச் செய்யும் பெரிய ஓட்டை. இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் தாள் போதும். ஒருவரே நடத்தும் தொழிலுக்கு நோட்டுப் புத்தகமே போதும். தேதி, பெயர், எண், எந்த வழியில் வந்தது, என்ன கேட்டார், யார் பொறுப்பு, எப்போதைக்குள், முடிந்ததா என்று எட்டு பத்திகள். எந்த வழியில் வந்த கோரிக்கையானாலும் பதில் சொல்லும் முன்போ சொன்ன உடனேயோ ஒரு வரி எழுதிவிட வேண்டும். தினமும் காலையில் ‘முடிந்ததா’ என்ற பத்தி காலியாக இருக்கும் வரிகளைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ‘யார் பொறுப்பு’ என்ற இடத்தில் இரண்டு பெயர்களை எழுதாதீர்கள். இரண்டு பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

எக்செலில் தாளைத் தொடங்கும்போதே எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். அதைவிட மோசமானது நீண்ட எண்களின் கதை. எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கங்கள் கொண்ட கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். தவறு நடந்ததாக எந்த எச்சரிக்கையும் வராது என்பதே இதில் உள்ள ஆபத்து. தேதிகளை 2026-04-03 என்ற வடிவில் எழுதினால் வரிசைப்படுத்தவும் எளிது, ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்ற குழப்பமும் எழாது.

நகலும் காவலும்

அந்தத் தாளும் கணக்குகளும் ஒரே கணினியில் மட்டும் இருப்பது ஆகாது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறை பழையதானாலும் இன்றும் பொருந்துகிறது. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணைய சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் முறை நிறைவேறிவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒத்திசைவு என்பது நீங்கள் செய்த அழிப்பையும் அப்படியே ஒத்திசைக்கும். கணினியில் அழித்தது அங்கேயும் குப்பைத் தொட்டிக்குப் போய், 30 நாட்களில் அடியோடு மறைந்துவிடும். வெளி டிஸ்க்கை நகலெடுத்த பின் கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் கணினிக்குள் புகுந்தால், அந்நேரம் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். நகல் எடுத்துக்கொண்டே இருந்து, தேவைப்பட்ட நாளில் அது திறக்காததைக் கண்டவர்களில் நானும் ஒருவன்.

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை மறந்துவிடலாம். அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017-இலேயே அதைக் கைவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும், நீளமே முக்கியம் என்பது அதன் நிலை. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல், அவற்றைப் பூட்டி வைக்கக் கடவுச்சொல் மேலாளர் என்னும் செயலி ஒன்று, முக்கியக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆகியவை போதுமானவை. வாட்ஸ்அப்பிலும் 6 இலக்கப் பின் கொண்ட இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டு. அதை இன்றே இயக்கிவிடுங்கள். ‘தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி வந்துவிட்டது, சொல்லுங்கள்’ என்று கேட்பவர், தெரிந்தவரின் எண்ணிலிருந்தே கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை ஊழியர் அனைவருக்கும் அறிவுறுத்துங்கள்.

பணம் தொடர்பாக ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டால் பெரும் இழப்பைத் தவிர்க்கலாம். சரக்கு தருபவரிடமிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் செலுத்துங்கள்’ என்று மின்னஞ்சலோ செய்தியோ வந்தால், அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அழைத்து, பழகிய குரலிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே செலுத்துங்கள். அவசரம் என்று எழுதியிருந்தால் இன்னும் நிதானமாக அழையுங்கள்.

ஊழியர் ஒருவர் விலகும் நாளில், கணக்குத் தீர்க்கும்போதே முதலில் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘வேறு யாரால் திறக்க முடியும்’ என்ற பத்தியில் அவர் பெயர் உள்ள ஒவ்வொரு வரியிலும் அனுமதியை நீக்கி, பொதுவாகப் பயன்படுத்திய கடவுச்சொற்களை மாற்றி, மீட்பு எண் அவருடையதாக இருந்தால் திருத்துங்கள். இதை அவர் முன்னிலையிலேயே செய்வதில் சங்கடம் எதுவும் இல்லை. பின்னாளில் ஏதேனும் தவறு நடந்தால் அவர்மேல் சந்தேகம் விழாமலிருக்க அதுவே அவருக்கும் பாதுகாப்பு.

அதே தாளின் ஒரு நகலை, கடவுச்சொல் மேலாளரின் முதன்மைக் கடவுச்சொல்லையும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளின் அச்சுப்பிரதியையும் சேர்த்து, ஒட்டிய உறையில் இட்டு, தொழிலின் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கூகுள் கணக்குக்கு இத்தகைய குறியீடுகள் பத்து கிடைக்கும்; கைபேசி தொலைந்த நாளில் அவற்றில் ஒன்றைக் கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம். உறையின் மேல் எழுதிய தேதியைப் போட்டு, நீங்கள் இரண்டு வாரம் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் அதைத் திறக்க வேண்டியவர் யார் என்பதை அவரிடமே சொல்லிவையுங்கள்.